வருமா, வராதா? கடலில் புயல் பிறக்கும் வாய்ப்பைப் படிப்பது எப்படி

ஐப்பசி பிறந்து சில நாள்கள் ஆகியிருந்தன. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தீபாவளிப் பலகாரம் செய்து கொடுக்கும் ஆச்சி ஒருவர் இருக்கிறார். பின்கட்டு முற்றத்தில் விறகடுப்பு மூட்டித்தான் தேன்குழலும் சீப்புச் சீடையும் போடுவார். மழை பிடித்துக்கொண்டால் அடுப்பும் போயிற்று, விறகும் போயிற்று. அன்று அவரிடம், "அடுத்த வாரம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாக மிதமான வாய்ப்பு என்று அறிவித்திருக்கிறார்கள் ஆச்சி" என்றேன். பிழிகிற கையை நிறுத்தாமல் கேட்டார்: "வருமா, வராதா? அதைச் சொல் தம்பி. வாய்ப்பு என்றால் நான் எதை நம்பி நெய் வாங்குவது?"

நியாயமான கேள்வி. நம்மில் பலரும் கேட்பதும் இதுதான். வானிலை ஆய்வுத் துறை 'குறைவு', 'மிதம்', 'அதிகம்' என்று சொல்லும்போது அது எதைச் சொல்கிறது, அந்தச் சொல் எப்படிக் கிடைக்கிறது என்பதை அடுப்பங்கரையில் உட்கார்ந்து அவருக்கு விளக்க முயன்றேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது பிறப்பதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்க வேண்டும். இந்தக் குழப்பம்தான் செய்திகளில் மிக அதிகம். கடலில் ஒரு சுழற்சி படிப்படியாக வளர்கிறது. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அதன் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம். 50 கிலோமீட்டரைத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகுதான் புயல். பெயரும் அப்போதுதான் கிடைக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் வெளியிடும் 'உருவாகும் வாய்ப்பு' என்ற கணிப்பு தாழ்வு மண்டலம் என்ற படியைப் பற்றியது. புயலைப் பற்றியது அன்று. 'அதிக வாய்ப்பு' என்று துறை சொன்னதைக் கேட்டு 'புயல் நிச்சயம்' என்று தலைப்புப் போட்டால், சொல்லாத ஒன்றைத் துறையின் தலையில் ஏற்றுகிறோம். பிறகு புயல் வராதபோது துறை பொய் சொன்னதாகப் பழிக்கிறோம்.

இனி, அந்தச் சுழற்சி பிறக்க என்னென்ன வேண்டும்?

ஆச்சி வீட்டு வளவில், இரு பக்கத்து ஓட்டுக் கூரையும் சரிந்து சேரும் மூலையில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. மழைநீர் பிடிக்க வைத்தது. வெயில் ஏறிய பிறகு அதில் கையை விட்டால் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முழங்கை வரை விட்டால் அடியில் சில்லென்று இருக்கும். கையால் நன்றாகக் கலக்கிவிட்டால் மேலே இருந்த சூடு போய்விடும். கடலும் அப்படித்தான். புயலுக்குத் தீனி கடல்நீரின் சூடு. நீர் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து மேகத்துளியாக மாறும்போது, ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தைக் காற்றில் விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது; கீழே அழுத்தம் குறைகிறது; சுற்றிலும் இருந்து ஈரக்காற்று ஓடி வருகிறது. இந்தச் சக்கரம் ஓடக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் போதாது, ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம் வரை அந்தச் சூடு வேண்டும். ஏனென்றால் காற்று வலுக்கும்போது கடலைக் கலக்குகிறது. சூடு மெல்லிய படலமாக மட்டும் இருந்தால் அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வந்து, சுழற்சி தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும்.

வங்கக் கடல் இந்த விஷயத்தில் கொஞ்சம் விசேஷமானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட இலேசானது என்பதால், வடக்கு வங்கக் கடலில் மேலே ஒரு படலமாக மிதக்கிறது, எளிதில் கலங்குவதில்லை. ஐப்பசியில் வங்கக் கடலின் மேற்பரப்பு பொதுவாக 28 டிகிரிக்கும் மேலே இருக்கிறது. அதனால் 'கடல் சூடாக இருக்கிறது, புயல் வரப்போகிறது' என்று மட்டும் சொன்னால் அதற்கு அதிக மதிப்பில்லை. அடுப்பு வருடத்தில் பெரும்பகுதி மூட்டித்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து புயல்கள்தான் உருவாகின்றன. அதில் ஏறத்தாழ நான்கு வங்கக் கடலில். மீதி நாள்களில் எது தடுக்கிறது என்பதில்தான் கணிப்பின் சூட்சுமம் இருக்கிறது.

முக்கியமான தடை, கீழ்க்காற்றும் மேல்காற்றும் வேறு வேறு வேகத்தில், வேறு வேறு திசையில் வீசுவது. பலகார டின்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரம் அடுக்கிவைத்து, கீழ் டின்னைக் கிழக்கே ஒருவரும் மேல் டின்னை மேற்கே ஒருவரும் இழுத்தால் என்ன ஆகும்? புயல் என்பது ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரம் நிற்கும் மேக அடுக்கு. அது செங்குத்தாக நின்றால்தான், மேலே விடுபடும் வெப்பம் நேர் கீழே இருக்கும் மையத்தின் அழுத்தத்தைக் குறைக்கும். மேலடுக்கு ஒரு பக்கம் இழுபட்டால் வெப்பம் எங்கோ சிதறும், மையம் எங்கோ நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்கக் கடல் நல்ல சூடாக இருந்தும் புயல் அரிதாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். அப்போது கீழே தென்மேற்குப் பருவக்காற்று வேகமாக வீசுகிறது. உயரத்தில் கீழைக்காற்று எதிர்த்திசையில் பாய்கிறது. டின் அடுக்கு நிற்பதே இல்லை. அதனால்தான் நம் பக்கத்துப் புயல் காலம் பருவக்காற்றுக்கு முன்னும் பின்னுமாக, ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

அடுத்தது நடுவானத்தின் ஈரம். கடலுக்கு மேலே மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று வறண்டிருந்தால், மேலேறும் மேகம் அதில் கலந்து கரைந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் வடக்கே இருந்து வரும் வறண்ட குளிர்காற்று எத்தனையோ தாழ்வுகளை இப்படி வற்றவைத்திருக்கிறது.

பிறகு சுழல். பூமி சுழல்வதால், தாழ்வை நோக்கி ஓடிவரும் காற்று நம் வடகோளத்தில் வலப்பக்கம் விலகி, மையத்தைச் சுற்ற ஆரம்பிக்கிறது. நிலநடுக்கோட்டில் இந்த விலக்கம் பூஜ்யம். ஆகவே பொதுவாக ஐந்து டிகிரி அட்சரேகைக்குக் கீழே புயல் பிறப்பதில்லை. விதிவிலக்கு உண்டு: 2001 டிசம்பரில் 'வாமெய்' என்ற புயல் சிங்கப்பூருக்கு அருகே ஏறத்தாழ 1.4 டிகிரியில் உருவானது. ஆனால் அப்படி நடப்பது மிக அபூர்வம். கடைசியாக, ஒரு விதை வேண்டும். ஒன்றுமில்லாத இடத்தில் புயல் முளைக்காது. ஏற்கெனவே ஒரு மேலடுக்குச் சுழற்சியோ, அந்தமான் பக்கம் வந்து சேர்ந்த ஒரு மேகக் கூட்டமோ, தென்சீனக் கடலில் செத்துப்போன ஒரு சூறாவளியின் மிச்சமோ இருக்க வேண்டும். 2018இல் நம் வட்டாரத்தையே உலுக்கிய கஜா, தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருந்து வந்த ஒரு தாழ்வில் இருந்து முளைத்ததுதான்.

இந்த நிபந்தனைகளை 1968இல் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் கிரே ஒழுங்குபடுத்திக் காட்டினார். இன்று நம் வானிலை ஆய்வுத் துறை இவற்றை ஒரே எண்ணாக்கி வரைபடத்தில் பார்க்கிறது. கீழ்மட்டச் சுழல், நடுவானத்தின் ஈரம், வளிமண்டலத்தின் நிலையற்ற தன்மை (சூடான காற்று தடையின்றி மேலேறும் போக்கு) மூன்றையும் பெருக்கி, மேல்காற்றுக்கும் கீழ்க்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, இது பெருக்கல் கணக்கு என்பதுதான். கூட்டலாக இருந்தால் ஒன்றில் குறைவதை இன்னொன்றில் ஈடுகட்டலாம். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் எல்லாமே பூஜ்யம். நடுவானத்தின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அந்தக் கணக்கில் ஈரத்தின் மதிப்பு பூஜ்யமாகிவிடும். மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. பாகு பதம் தவறினால், மாவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதிரசம் விரிந்துபோகிறது என்று ஆச்சி சொன்னார். அதேதான்.

சரி, இதில் சதவீதம் எங்கிருந்து வருகிறது?

கடலின் இன்றைய நிலை யாருக்கும் முழுதாகத் தெரியாது. இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் மேகத்தைப் பார்க்கின்றன. வேறு சில செயற்கைக்கோள்கள் அலைகளின் சிலிர்ப்பை அளந்து காற்றின் வேகத்தைக் கணக்கிடுகின்றன. ஆங்காங்கே மிதவைகள் இருக்கின்றன. இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வெறும் நீர். ஆகவே வானிலை மாதிரியை, அதாவது இன்றைய நிலையில் இருந்து நாளைய காற்றையும் மழையையும் கணக்கிடும் கணினி நிரலை, ஒரே ஒரு முறை ஓட்டி வந்த விடையை நம்புவதில்லை. தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி, மறுபடி மறுபடி ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் இப்படி 51 ஓட்டங்களை ஓட்டுகிறது. அவற்றில் 17 ஓட்டங்களில் அந்தமான் அருகே தாழ்வு மண்டலம் உருவாகிறது, 34 ஓட்டங்களில் உருவாகவில்லை என்றால், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது முதல் கணக்கு. அதோடு முடிந்துவிடாது. சில மாதிரிகளுக்கு இல்லாத சுழியை உருவாக்கிக் காட்டும் பழக்கம் உண்டு. சிலவற்றுக்கு இருப்பதைத் தாமதமாகக் காட்டும் பழக்கம். பல மாதிரிகளையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்து, அனுபவமுள்ள முன்கணிப்பாளர் அந்த எண்ணைத் திருத்துகிறார். அதன் பிறகுதான் அது சொல்லாக வெளியே வருகிறது: 'குறைவு' என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை, 'மிதம்' என்றால் மூன்றில் இரண்டு பங்கு வரை, அதற்கு மேல் 'அதிகம்'. வாய்ப்பே இல்லை என்றால் 'இல்லை'.

இந்த இடத்தில்தான் ஆச்சி மடக்கினார். "மூன்றில் ஒன்று என்றால், வராவிட்டாலும் நாங்கள் சொன்னது சரி என்பார்கள், வந்தாலும் சரி என்பார்கள். நல்ல பிழைப்பு."

நான் அவருடைய மாமனாரைப் பற்றிக் கேட்டேன். ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். "பத்துப் பேருக்குக் கடன் கொடுத்தால் இரண்டு மூன்று பேரிடம் நின்றுபோகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் அல்லவா ஆச்சி? அதை வைத்துத்தானே வட்டியும் அடமானமும் முடிவு செய்திருப்பார்? அந்தப் பத்தில் ஒருவர் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தால், 'என் கணக்கு பொய்யாகிவிட்டது' என்றா சொல்லியிருப்பார்?" ஆச்சி சிரித்துவிட்டார். "ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. வருஷக் கடைசியில் ஐந்தொகை போட்டால்தான் தெரியும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. வாய்ப்புக் கணிப்புக்கும் இப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஐந்தொகை, அதாவது இறுதிக் கணக்கு, உண்டு. '30 சதவீதம்' என்று சொன்ன எல்லா நாள்களையும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துவைத்துப் பார்க்கிறார்கள். நூறு முறை சொன்னதில் முப்பது முறையை ஒட்டி உருவாகியிருந்தால் கணிப்பு நேர்மையானது. அறுபது முறை உருவாகியிருந்தால் ஆபத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து முறைதான் உருவாகியிருந்தால் ஊரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் 1950இலேயே இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு மதிப்பெண் முறையைக் கொடுத்துவிட்டார். இன்றும் உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு நாளை வைத்து முன்கணிப்பாளரைத் திட்டுவது, ஒரே ஒரு கடனாளியை வைத்துக் கடையின் ஐந்தொகையை எழுதுவது போன்றது.

துறையின் அறிக்கையில் ஏழு நாள்களுக்கு, 24 மணி நேரத்துக்கு ஒன்றாக ஏழு கட்டங்கள் இருக்கும். வங்கக் கடலுக்குத் தனியாக, அரபிக் கடலுக்குத் தனியாக. முதல் மூன்று கட்டங்களில் 'இல்லை', நான்காவதில் 'குறைவு', ஐந்தாவதில் 'மிதம்' என்று இருந்தால், உருவாவதானால் ஐந்தாம் நாளை ஒட்டி உருவாகலாம் என்று பொருள். ஒரு நாளின் அறிக்கையை மட்டும் பார்க்காமல், அடுத்தடுத்த நாள்களில் அந்தச் சொல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிப்பது நல்லது. ஐந்தாவது கட்டத்தில் இருந்த 'மிதம்' மறுநாள் நான்காவது கட்டத்துக்கு வந்து, 'அதிகம்' ஆகியும் இருந்தால், விஷயம் உறுதிப்படுகிறது. தினமும் ஐந்தாவது கட்டத்திலேயே தங்கி, கிட்டே வராமல் தள்ளித் தள்ளிப் போனால், மாதிரிகள் ஒரு கானல்நீரைத் துரத்திக்கொண்டிருக்கலாம்.

இதற்கும் நீண்ட கணிப்பு ஒன்று வியாழக்கிழமைதோறும் வருகிறது, இரண்டு வாரங்களுக்கு. அவ்வளவு முன்கூட்டி எப்படிச் சொல்ல முடியும்? நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய மேகமூட்ட அலை ஊர்ந்து போகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 60 நாள். ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் இருவரும் 1971இல் கண்டறிந்ததால் மேடன் ஜூலியன் அலைவு என்று பெயர். அந்த அலையின் ஈரமான பகுதி இந்தியப் பெருங்கடலின் கிழக்கே வந்து நிற்கும் வாரங்களில் வங்கக் கடலில் விதைகள் முளைக்க வாய்ப்பு கூடுகிறது. வறண்ட பகுதி வந்தால் குறைகிறது. எந்த நாள், எந்த இடம் என்று அது சொல்லாது. திருவிழா மாதம் எது என்று மட்டும் சொல்லும்.

எவ்வளவு கவனமாகக் கணித்தாலும் சில சுழற்சிகள் அவகாசமே கொடுப்பதில்லை. 2017 நவம்பர் 29ஆம் தேதி காலையில் இலங்கைக்கு அருகே ஒக்கி வெறும் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் குமரிக் கடலில் அது புயல். அதற்கு முன்பே பல நாள் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. கரைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும் படகில் இருப்பவருக்கு '20 சதவீதம்' என்பது சிறிய எண் இல்லை. அவருடைய உயிர் அந்த எண்ணில் இருக்கிறது. 'குறைவு' என்ற சொல்லைக்கூட அவரிடம் உடனே கொண்டுசேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மறுபக்கம், 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல். தாழ்வு மண்டலமாகப் பிறந்துவிட்டது. ஆனால் புயலாகும் என்று எதிர்பார்த்த நாளில் ஆகாமல், ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கடலில் தயங்கி நின்றது. ஊரெல்லாம் கேலி பேசியது. 29ஆம் தேதி பிற்பகலில் புயலாகி, 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, விழுப்புரம் பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தியது. பிறப்பைக் கணிப்பது ஒரு வேலை, வலுவைக் கணிப்பது இன்னொரு வேலை என்பதை இதைவிடக் கண்ணெதிரே காட்டிய சுழற்சி அண்மையில் இல்லை.

பாதையைக் கணிப்பது மூன்றாவது வேலை. கஜா 2018 நவம்பர் 10 அன்று தாழ்வு மண்டலம், 11 அன்று புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையேறியது 16ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின். பிறகு புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்கள் வழியாக மேற்கே போனது. பிறந்த நாளில் யாராவது 'செட்டிநாட்டுக்கு வருமா' என்று கேட்டிருந்தால், உருவாகும் வாய்ப்பு என்ற எண்ணில் அதற்கு விடை இருந்திருக்காது. தாழ்வு மண்டலம் உருவாகி வங்கதேசத்துக்குப் போகலாம், ஆந்திராவுக்குப் போகலாம். ஆச்சியின் மாமனார் வாழ்ந்த பர்மாவுக்கும் போகலாம்; 2008 மே மாதம் நர்கிஸ் அப்படித்தான் ஐராவதிக் கழிமுகத்தில் ஏறி, ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

நம் மண்ணுக்கு இதில் இன்னொரு முகமும் உண்டு. இது ஆறு பாயாத சீமை. கண்மாயும் ஊருணியும் நிறைவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கடலில் இருந்து வரும் இந்தத் தாழ்வுகளால்தான். புழுதி விதைப்பு செய்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் ஒருவருக்கு, இரண்டு வாரத்துக்கு 'வாய்ப்பு இல்லை' என்ற அறிக்கை வருத்தமான செய்தி. அதே அறிக்கை பந்தல் போட்டுக் கல்யாணம் வைத்திருப்பவருக்கு நிம்மதி. எண் ஒன்றுதான், அவரவர் இழப்பு வேறு. 'மிதம்' என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. செலவில்லாத முன்னேற்பாட்டைக் குறைந்த வாய்ப்பிலேயே செய்துவிடலாம்: விறகைத் தாழ்வாரத்துக்கு மாற்றுவது, கூரை ஓட்டில் விலகியதைச் சரிசெய்வது, மழைநீர் வழியில் அடைத்த சருகை எடுப்பது. கையைக் கடிக்கும் முடிவை, கல்யாணத் தேதியை மாற்றுவது போன்றதை, 'அதிகம்' என்று உறுதிப்பட்டு, பாதையும் தெரிந்த பிறகு எடுக்கலாம்.

ஆச்சி அப்படித்தான் செய்தார். டின்னில் அடைத்தால் கெடாத தேன்குழலையும் சீடையையும் அன்றும் மறுநாளும் இரட்டிப்பாகப் போட்டு முடித்தார். அதிரசத்தைத் தள்ளிவைத்தார். நெய்யில் பாதியை மட்டும் வாங்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் நான் அந்த வழியாகப் போனபோது, திண்ணையில் இருந்தபடியே கூப்பிட்டார். "தம்பி, ஐந்தாவது கட்டத்தில் மிதம் என்றாயே, இன்றைக்கு அது எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது?"